மேற்குக் கதவின் வெளிச்சம்

மேற்குக் கதவு திறந்துதான் இருந்தது என்று நினைவு வந்ததும் அமலோற்பவத்துக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அந்தக் கதவு பூட்டிக் கிடந்தது என்று நான்கு மாதமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவளே அவள்தான்.

தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். எதிரே கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். சுவரில் 'கை கழுவும் இடம்' என்று அம்புக்குறி போட்டிருந்தது. ஒரு நிமிடத்துக்கு முன்னால், கவசத்துக்குள், இதே இடத்தில் நீல விளக்குகளும், எஃகு மேசைகளும், ஐஸில் புதைந்த இறால் குவியல்களும், நாற்பத்திரண்டு பெண்களும் இருந்தார்கள். அவர்களில் இருவர் செத்துப்போனவர்கள். அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். மேற்குச் சுவரில் கதவு அகலத் திறந்து கிடந்தது. வெயில் உள்ளே விழுந்து ஈரத் தரை பளபளத்தது. இரண்டு வாரத்துக்கு முன்பு கண்ணை மூடியபோது அங்கே பூட்டும் சங்கிலியும் தொங்கின. இன்றைக்கு எவ்வளவு தேடியும் அவற்றைக் காணோம்.

நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். தூத்துக்குடிக்கு வெளியே ஓர் இறால் கம்பெனி. பெண்கள் நின்றபடியே இறாலுக்குத் தலை கிள்ளித் தோல் உரிக்கிற பெரிய ஹால். அதற்குக் கிழக்கே ஒரு கதவு, மேற்கே ஒரு கதவு. மாசி மாதத்தில் ஒரு நாள் பகல் பதினொரு மணிக்குக் கிழக்குப் பக்கம் குளிர்பதனக் குழாய் வெடித்து அம்மோனியா உள்ளே இறங்கியது. பெண்கள் அலறிக்கொண்டு மேற்கே ஓடினார்கள். மேஸ்திரி சொர்ணத்தாய் அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து, ஈர ஏப்ரனால் முகத்தை மூடச் சொல்லி, புகைக்குள்ளேயே கிழக்கு நோக்கித் தள்ளினாள். நாற்பது பேர் வெளியே வந்து விழுந்தார்கள். ரெக்ஸிலினும் மகராசியும் பாதி வழியில் சுருண்டுவிட்டார்கள்.

கதவு பூட்டியிருந்தது என்றால் சொர்ணத்தாய் நாற்பது உயிரைக் காப்பாற்றியவள். திறந்திருந்தது என்றால் வெளியேறப் போன இரண்டு பெண்களை இழுத்து விஷப் புகைக்குள் தள்ளிக் கொன்றவள். தீயணைப்பு வீரர்கள் போன பிறகு பார்த்தால் இரண்டு கதவுகளுமே பெயர்ந்து தரையில் கிடந்தன. சங்கிலி எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிய வாக்குமூலங்களில் பெயர், வயது, மூச்சு எப்படி இருக்கிறது என்பதோடு சரி. கதவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. 'அந்தக் கதவு எந்நேரமும் திறந்தே இருக்கும்' என்று கம்பெனி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அரசாங்கம் விசாரணைக் கமிஷன் வைத்தது. கமிஷன் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தது. சாப்பாட்டுக் கூடம் கிட்டத்தட்ட இறால் ஹாலின் அளவில் இருந்ததால் மறுநடைக்கு அதுவே வசதியாகிவிட்டது.

மறுநடை என்பது புதிதாக வந்த ஏற்பாடு. சம்பவம் நடந்த இடத்தைக் கம்ப்யூட்டரில் அப்படியே எழுப்பி, சாட்சிகளைத் தலைக்கவசம் மாட்டி அதற்குள் நடக்க விடுவார்கள். காலில் போடுகிற பூட்ஸ் அவர்களுடைய அசைவை எடுத்து உள்ளே காட்டும். ஆளுக்கு மூன்று சுற்று, வாரத்துக்கு ஒன்று. நடந்தால் மறந்ததெல்லாம் திரும்பி வரும் என்று அரசாணையில் எழுதியிருந்தது.

"முடிஞ்சுதுக்கா. பூட்ஸைக் கழட்டிக்கலாம்," என்றான் நௌஷாத். மறுநடையை இயக்கும் பொறியாளன். கோயம்புத்தூர்க்காரன், முப்பது வயதிலேயே முன்தலை வழுக்கை விழுந்தவன், நல்ல மாதிரி.

"தம்பி, மேக்கால உள்ள கதவை யாரு தொறந்து வச்சது?"

"யாரும் வைக்கலக்கா. கேமரா கிழக்குப் பக்கம் மட்டும்தான் இருந்திருக்கு. அந்தப் பதிவு, மெஷின் பதிவு, கட்டட வரைபடம் எல்லாத்தையும் சேர்த்துத்தான் ஹாலைக் கட்டினோம். தகவல் இல்லாத இடத்தை கம்ப்யூட்டரே நிரப்பிக்கும்."

"எதை வச்சு நிரப்பும்?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "விதியை வச்சு. வரைபடத்துல அது அவசர வழின்னு இருக்கு. வேலை நேரத்துல அவசர வழி திறந்திருக்கணும்னு தொழிற்சாலை விதி. அதனால திறந்து வரைஞ்சிருக்கும்."

அமலோற்பவம் சிரித்துவிட்டாள். சந்தோஷச் சிரிப்பில்லை. "சட்டத்துல எழுதியிருக்குன்னா தொறந்துருச்சா? அப்பம் உக்கார ஸ்டூலுங்கூட சட்டத்துல உண்டுல்லா. அதையும் போட்டிருக்கலாமே. நின்னு நின்னு எங்களுக்கு நரம்பு சுருண்டு கெடக்கு."

"இது ஞாபகத்துக்கு உதவி மட்டும்தான்னு முதல்லயே படிச்சுக் காட்டினோமேக்கா."

"நீங்க படிச்சது காதுல விழுந்துச்சு தம்பி. கதவைக் கண்ணுல்லா பாத்துச்சு."

அவன் கவசத்தைத் துடைக்க ஆரம்பித்தான்.

அங்கிருந்து நேரே சொர்ணத்தாய் வீட்டுக்குப் போனாள். சொர்ணத்தாய்க்கு ஐம்பத்திரண்டு வயது. ஹாலில் அவள் ஒரு அதட்டல் போட்டால் அந்தக் கோடி மேசை வரைக்கும் கைகள் வேகம் பிடிக்கும். வாய் அப்படியென்றாலும், யாருக்காவது விரல் புண்ணாகிவிட்டால் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஐஸை அள்ளுவாள். அப்படிப்பட்டவள் இப்போது சுவரோரம் உட்கார்ந்து முறத்தில் இருந்த உளுந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புடைக்கவில்லை.

"எக்கா, மூணாவது ரவுண்டு முடிஞ்சுட்டு," என்றாள் அமலோற்பவம்.

"எனக்கும் முந்தாநேத்து முடிஞ்சுட்டு. திங்கக்கெழம கமிஷன்ல ஒத்துக்கிடப் போறேன் அமலி."

"எதை?"

"அந்தப் பிள்ளேளை நாந்தான் கொன்னேன்னு." குரலில் அழுகை இல்லை. "கதவு தொறந்துல்லா கெடக்கு. வெயிலு வருது. ரெக்ஸிலினு ஒரு காலை வெளிய வைக்கப் போறா. நான் கையப் பிடிச்சு இழுக்கேன். எதுக்கு இழுத்தேன்? ஏன் அப்பிடிச் செஞ்சேன்னு எனக்கே வெளங்கலையே."

"பூட்டியிருந்துச்சுக்கா. அதான் இழுத்த."

"ஒனக்கு அப்பிடியா ஞாபகம்?"

பொய் சொல்லியிருக்கலாம். பதினோரு வருஷத்தில் அவளிடம் எத்தனையோ பொய் சொல்லி அரை நாள் லீவு வாங்கியிருக்கிறாள். இந்தக் கேள்விக்கு மட்டும் வாய் வரவில்லை. சொர்ணத்தாய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முறத்தை நகர்த்தி வைத்தாள்.

"பாத்தியா," என்றாள்.

பதினோரு பேர் சாட்சிகள். அவர்களில் ஏழு பேர் ஏற்கெனவே சத்தியம் செய்து 'கதவு திறந்திருந்தது' என்று சொல்லியாயிற்று. யாரும் காசு வாங்கவில்லை, யாருக்கும் பயமில்லை. பக்கத்து மேசை ஜெசிந்தா அழுதுகொண்டே சொன்னாள், மனசார நம்பித்தான் சொன்னாள். பொய் சொல்கிறவளிடம் சண்டை போடலாம். பொய்யை உண்மையாக நினைவு வைத்திருக்கிறவளிடம் என்ன செய்வது என்று அமலோற்பவம் இரண்டு நாள் சோறு இறங்காமல் யோசித்தாள். இதில் அவளும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டாள் என்பதுதான் எரிச்சலின் உச்சம்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போனாள். மாதா கோயில் வாசலில் கூட்டம். அவளுக்கு முன்னால் ஜெசிந்தா போய்க்கொண்டிருந்தாள். வாசற்படி வழவழப்பான சமதரை, ஒரு விரல் உயரம்கூடக் கிடையாது. ஜெசிந்தா அதில் முழங்காலை மடக்கிக் காலைத் தூக்கி வைத்து நுழைந்தாள். பக்கத்தில் நின்ற வாலிபர்கள், "கொக்கு வந்துட்டுல," என்று சிரித்தார்கள். அமலோற்பவமும் அதேபோல் தூக்கி வைத்தாள். பின்னால் யாரோ, "ரெண்டாவது கொக்கு," என்றான்.

இந்தக் கிண்டல் பழையது. இறால் கம்பெனியில் ஹாலுக்குள் நுழைகிற கிழக்கு வாசலில் தரையில் ஒரு தொட்டி இருக்கும். கணுக்கால் அளவுக்குக் குளோரின் தண்ணீர். தண்ணீர் வழியாமல் இருக்கச் சுற்றிலும் ஒரு அடிக்குக் கட்டைச் சுவர் கட்டியிருப்பார்கள். காலைத் தூக்கி அதைத் தாண்டி, பூட்ஸை நனைத்து, மறுபடி தூக்கி வெளியே வைக்க வேண்டும். நாளைக்குப் பத்துத் தடவை, வருஷக் கணக்கில். கடைசியில் வாசல் என்று ஒன்றைக் கண்டாலே கால் தானாக எழும்பிவிடும். ரேஷன் கடை, கல்யாண வீடு, புருஷன் வீடு எல்லா வாசலிலும் அப்படித்தான். வேலையை விட்டு ஐந்து வருஷம் ஆனவர்களுக்கும் போகாது. பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை.

கோயிலுக்குள் ஒரு அடி வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள்.

மேற்குக் கதவில் தொட்டி கிடையாது. யாரும் போகாத கதவுக்குத் தொட்டி எதற்கு? ஆனால் தொட்டி இல்லாத வாசலிலும் கால் எழும்புகிறதே. மறுநடையில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இரண்டு கதவு வழியாகவும் நடந்து காட்டச் சொன்னார்கள். அந்தத் திறந்த மேற்குக் கதவில் தன் கால் எழும்பியதா? சுவரைக் கண்டதுபோல் சும்மா தரையோடு போயிற்றா? தரையோடு போனதாகத்தான் தோன்றியது. அப்படியென்றால் அந்தக் கதவு ஒருநாளும் திறந்ததில்லை என்று காலுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் இனிமேல் தன் ஞாபகத்தை நம்பி எந்தக் காரியத்திலும் இறங்குவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். பூசைக்கு நிற்காமல் வெளியே வந்து நௌஷாத்துக்கு போன் போட்டாள்.

"பூட்ஸ் பதிவெல்லாம் இருக்குக்கா," என்றான் அவன். "கால் எவ்வளவு உயருது, எங்க விழுதுன்னு ஒரு விரக்கடைகூடப் பிசகாம இருக்கும். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, நானும் பார்த்ததில்ல. ஆனா உங்ககிட்ட தனியாச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. நாளைக்குக் கமிஷன்ல நீங்களே கேளுங்க. கேட்டா நான் கொடுத்தாகணும்."

திங்கட்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கற்பகவல்லி மணமேடையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் போன முகூர்த்தத்துக்கு ஒட்டிய தெர்மகோல் இதயத்தைப் பாதி பிய்த்து மீதியை அப்படியே விட்டிருந்தார்கள். முதல் வரிசையில் கம்பெனி வக்கீல் திருவேங்கடம். மூன்றாவது வரிசையில் சொர்ணத்தாய், ஒத்துக்கொள்ளப் போகிறவளின் அமைதியோடு இருந்தாள். முதலில் அமலோற்பவத்தின் முறை.

அவள் தொட்டியையும் கொக்குக் காலையும் சொன்னபோது கூட்டம் சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. நௌஷாத்தை மேடைக்கு அழைத்துப் பதிவை வாசிக்கச் சொன்னார்.

"பதினோரு சாட்சிகள், மூணு சுற்று, ஆக முப்பத்து மூணு தடவை," என்றான் நௌஷாத். "கிழக்குக் கதவு. நாங்க கட்டின ஹால்ல தொட்டி கிடையாதும்மா, வரைபடத்துல காட்டல. இருந்தும் முப்பத்து மூணு தடவையும் கால் ஒரு அடிக்கு மேல உயர்ந்திருக்கு."

"மேற்குக் கதவு?"

"முப்பத்திரண்டு தடவை கால் உயரவே இல்ல. தரையோட போயிருக்கு."

சலசலப்பு எழுந்தது. ஜெசிந்தா தன் பாதங்களைக் குனிந்து பார்த்தாள்.

"மீதி ஒன்று?" என்றார் நீதிபதி.

நௌஷாத் காகிதத்தைப் பார்த்தான், அப்புறம் அமலோற்பவத்தைப் பார்த்தான். "அதுல உயர்ந்திருக்கும்மா. முழுசா, ஒரு அடி. நாலாம் சாட்சி, மூணாவது சுற்று." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நாலாம் சாட்சி இவங்கதான்," என்றான்.

திருவேங்கடம் துள்ளி எழுந்தார். "கவனிக்கணும் அம்மா! இந்த வாதத்தைக் கொண்டு வந்தவங்களோட காலே அது கதவுதான்னு ஒத்துக்கிட்டிருக்கு. என்னைக்கும் பூட்டிக் கிடந்த கதவுன்னா இவங்க கால் எப்படித் தூக்கும்?"

அமலோற்பவத்துக்குக் காது அடைத்தது. அவளுடைய கண் போயிற்று, நினைவு போயிற்று, கால் ஒன்று மிச்சம் என்று நம்பி வந்திருந்தாள். அதுவும் அவர்கள் பக்கம் போய்விட்டது. ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். சொர்ணத்தாய் தலையை லேசாக ஆட்டினாள், விட்டுவிடு என்பதுபோல. அந்தத் தலையாட்டல்தான் அவளை உசுப்பிவிட்டது.

"வக்கீலய்யா கேட்டது நல்ல கேள்வி," என்றாள். "நானே கேக்கேன். மொத ரவுண்டுல என் காலு தூக்கல. ரெண்டாவதுலயும் தூக்கல. மூணாவதுல தூக்கிட்டு. இந்த மூணு வாரத்துல நான் கம்பெனிப் பக்கமே போகல, கேட்டுல சீல் வச்சுக் கெடக்கு. அப்பம் அது வாசலுன்னு என் காலு எங்க போய்ப் படிச்சுது? இந்தா, இந்தச் சாப்பாட்டு ரூம்லதான் படிச்சுது."

நீதிபதியின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். எனக்கும் கதவு தொறந்துதான் கெடக்கு. கண்ணை மூடுனா வெளிச்சம் வருது. சத்தியம் வாங்கிட்டு, ஒனக்கு என்ன ஞாபகம்னு கேட்டா, தொறந்திருந்துச்சுன்னுதான் நான் சொல்லணும். சொல்ல மாட்டேன். அது என் ஞாபகம் இல்ல. எந்தலைக்குள்ள கம்ப்யூட்டர் கட்டி விட்ட ஹாலு. பதினோரு வருசம் நான் நின்ன ஹாலுக்கு நாத்தம் உண்டு, குளிரு உண்டு, வெரலு மரத்துப்போகும். இவுக காட்டுன ஹால்ல எனக்கு ஒரு தும்மல்கூட வரல."

"இப்படியே பேசினால் எதைத்தான் நம்புவது?" என்றார் திருவேங்கடம். "அம்மா, இன்னொரு சுற்று நடக்கச் சொல்லுங்க. எல்லார் முன்னாலயும் பார்த்துடலாம்."

நீதிபதி கை அசைக்க, நௌஷாத் பூட்ஸைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். அமலோற்பவம் அதைக் காலால் ஒதுக்கினாள்.

"நடக்க மாட்டேன்."

"கமிஷன் உத்தரவை மீறினால் நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்," என்றார் நீதிபதி. கண்டிப்பான குரல்தான், ஆனால் கண் அவளையே கவனித்துக்கொண்டிருந்தது.

"எடுத்துக்கிடுங்கம்மா. ஜெயில்ல போடுங்க, இருக்கேன். மூணு ரவுண்டுல ஒரு காலு போச்சு. நாலாவது ரவுண்டுல பதினோரு பேரு காலும் போயிரும். அப்புறம் அந்தப் பூட்டை அறிஞ்ச ஆளு இந்த ஒலகத்துல ஒருத்திகூட மிச்சம் இருக்க மாட்டா. அதுக்கப்புறம் அது பூட்டவே படாத கதவாயிரும்மா. செத்துப்போன ரெண்டு பிள்ளேளும் தொறந்த கதவுக்கு முன்னால நின்ன மடச்சிகளாயிருவாளுவ. எந்தலையக் கெடுத்தீங்க, சரி. என் காலையாவது விட்டு வைங்க."

பின்வரிசையில் ஜெசிந்தா எழுந்து நின்றாள். முகமெல்லாம் கண்ணீர். "நான் சத்தியம் பண்ணிச் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கிடுதேன். எனக்குத் தொறந்துதான் தெரியுது. ஆனா வேண்டாம்," என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

நீதிபதி நௌஷாத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கதவு திறந்திருந்ததற்குப் பதிவு உண்டா? இல்லை என்றான். பிறகு எப்படித் திறந்து வரைந்தீர்கள்? சட்டப்படி என்றான். அவர் பேனாவை மூடிவைத்தார். அப்புறம் மறுநடையில் சேர்ந்த சாட்சியம் முழுவதையும் ஒதுக்கி வைப்பதாகவும், சீல் வைத்த ஹாலைத் தாமே நேரில் போய்ப் பார்ப்பதாகவும், அதுவரை யாருடைய ஒப்புதலையும் பதிவு செய்யப் போவதில்லை என்றும் சொன்னார். சொர்ணத்தாய் பேச வாய் திறந்தாள். "உட்காருங்க அம்மா," என்று அவளையும் உட்கார்த்திவிட்டார்.

இரண்டு மாதத்தில் அறிக்கை வந்தது. மேற்கு வாசலில் தொட்டி கட்டிய தடமே இல்லை, கதவு நிலையில் சங்கிலி உரசி உரசி இரும்பு தேய்ந்திருக்கிறது, மேஸ்திரி மீது குற்றமில்லை என்று எழுதியிருந்தார்கள். கம்பெனி மேலாளர் கைதானார். தெருவில் வெடி வெடித்தார்கள். அமலோற்பவம் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு சொர்ணத்தாய் வீட்டுக்கு ஓடினாள். உரக்க வாசித்துக் காட்டினாள், முக்கியமான வரியை இரண்டு தடவை.

சொர்ணத்தாய் முழுவதையும் கேட்டாள். "நல்லது," என்றாள். அப்புறம், "ஆனா நான் இழுத்தது எனக்குத் தெரியுதே அமலி. இப்பமும் வெளிச்சம் வருதே. பேப்பர்ல போட்டா போயிருமா?" என்றாள்.

"போகாது. எனக்கும் போகல."

"பின்ன?"

"பின்ன என்ன? கெடக்கட்டும். தெனமும் இந்நேரத்துக்கு வாரேன். நீ தொறந்திருந்துச்சுன்னு சொல்லு. நான் பூட்டியிருந்துச்சுன்னு சொல்லுதேன். அவுக மூணு ரவுண்டு நடத்துனாக. நான் முந்நூறு நடத்துதேன்."

சொர்ணத்தாய்க்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. "நீயும் நேர்ல பாத்ததை மறந்தவதான. ரெண்டு பேரு தலையும் கெட்டுப்போச்சு. நான் கொலைகாரி இல்லன்னு ஒனக்கு மட்டும் எப்படிட்டி தெரியும்?"

"கதவு தொறந்திருந்தா நீ இழுத்திருக்க மாட்ட," என்றாள் அமலோற்பவம். "அம்புட்டுதான் எனக்குத் தெரியும். எனக்குக் கதவைத் தெரியாதுக்கா. ஒன்னத் தெரியும்."

சொர்ணத்தாய் அவள் கையிலிருந்த செய்தித்தாளை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு, "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவ?" என்று கேட்டாள்.